இடுப்பில்லாத எறும்பு

என் மருமகளுக்கு நான் சூடு வைத்தேன் என்று ஜீவனஹள்ளியில் எங்கள் சந்து முழுக்க ஒரு மழைக்காலம் நம்பியது. நம்பியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கழுத்தைப் பார்த்த யாருக்கும் அந்த நினைப்புதான் வரும். ஒரு விடிகாலையில் எனக்கே சந்தேகம் வந்து, அடுப்படியில் உட்கார்ந்தபடி என் கையை நானே முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பாதி தாண்டியிருந்த சமயம். மகனுக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம் இருக்கும். அவன் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். ஒரு வாரம் பகல் ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் நைட் ஷிப்ட். மருமகள் ஆம்பூர்ப் பக்கம். பெண் பார்க்கப் போனபோது "பொண்ணு ரொம்ப அமைதி" என்றார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, பேட்டரி போடாத ரேடியோவைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. நான் அப்படியில்லை. கல்யாண வீட்டில் சிரிக்க வைப்பேன், சாவு வீட்டிலும் ஓரமாக உட்கார்ந்து இரண்டு பேரைச் சிரிக்க வைத்து அடி வாங்குவேன். அவளிடம் மட்டும் ஒரு தமாஷும் பலிக்கவில்லை. எதைச் சொன்னாலும் "சரிங்க அத்தை" என்பாள். அதற்கு மேல் என்ன செய்ய.

வீடு இரண்டே அறை. முன்னறை அவர்களுக்கு, அடுப்படி எனக்கு. முன்னறை சன்னலுக்கு வெளியே வீடு கட்டாத ஒரு காலி சைட். மழை பெய்தால் அதில் தண்ணீர் நின்று இடுப்பளவு புல் வளரும். மருமகளுக்கு இருட்டென்றால் பயம். மகன் நைட் ஷிப்ட் போகும் வாரத்தில் விடிய விடிய லைட்டை எரியவிட்டுத்தான் படுப்பாள். ட்யூப் லைட் வெளிச்சம் கதவடியிலிருந்து ஒரு வெள்ளைக் கோடாக என் பாய் வரைக்கும் வரும்.

எனக்குப் பிழைப்பு சிவாஜிநகரில் ஒரு தானிய மண்டியில். அரிசி, ராகி, துவரை எது வந்தாலும் முறத்தில் புடைத்து, சல்லடையில் ஆட்டி, கல்லையும் வண்டையும் பிரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. பாக்கிப் படிப்பெல்லாம் வண்டுகளிடம்தான். மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது அரிசி வண்டு. குண்டாக, முதுகில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளியோடு இருப்பது பயறு வண்டு. செங்கல் தூள் நிறத்தில் தட்டையாக ஓடுவது மாவில் வருவது. புதிதாக ஒன்று வந்தால் முதலில் அரிசி அளவா, உளுந்து அளவா என்று பார்ப்பேன். அப்புறம் முதுகில் என்ன கோடு, என்ன புள்ளி. அதற்கு மேல் ஒரு வண்டிடம் எனக்குக் கேட்க வேண்டியது எதுவும் இல்லை.

முதல் கோடு வந்தது அந்த மழையில், மகன் நைட் ஷிப்ட் போன வாரத்தில். காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தாள். கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு. யாரோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. எதிர்வீட்டம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, கழுத்துல?"

"தெரியலைங்க. எரியுது."

"கரண்டிக் காம்பு பட்டா மாதிரி கீது."

எல்லாரும் குடத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்னால் சும்மா இருக்க முடியுமா.

"நான்தான் போட்டேன்" என்றேன். "ராத்திரி தூக்கம் வரல. கரண்டி வேற சும்மாவே கிடந்துச்சு."

குழாயடியே சிரித்தது. எதிர்வீட்டம்மா என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "பேஜாரு பண்ணாதம்மா, காலங்காத்தால" என்றாள். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்தது. அதைக்கூடப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தக் கோட்டின் மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக எழுந்தன. கொப்புளம் என்றால் எங்கள் பக்கத்தில் அக்கி. அக்கிக்கு டாக்டரிடம் யாரும் போக மாட்டார்கள், குயவரிடம்தான் போவார்கள். குயவர்கள் இருக்கிற பாட்டரி டவுனுக்கு அவளைக் கூட்டிப் போனேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் காவிக்கல்லை இழைத்து, கோழி இறகை அதில் தொட்டுக்கொண்டு அவள் கழுத்துப் பக்கம் குனிந்தார். இறகு அப்படியே நின்றது.

"அக்கின்னா கொத்துக் கொத்தா வரும்மா" என்றார். "இது யாரோ இழுத்த கோடு மாதிரி இருக்கே."

"நீங்க எழுதுங்கண்ணே. அக்கியா இருந்தா போவட்டும், இல்லன்னா சிங்கமாவது மிச்சம்."

அவர் சிரிக்காமல் எழுதினார். அக்கிக்குச் சிங்கம்தான் எழுதுவார்கள். கோட்டுக்கு மேலே வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்னச் சிவப்புச் சிங்கம் உட்கார்ந்தது. மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, தாளிக்கிற வாசனை ஆகாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கும் அவள் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். அடுத்த நாள் பொழுது சாயும்போது பார்த்தேன். சிங்கம் கலையாமல் அப்படியே இருந்தது. அதன் காலுக்குக் கீழே புதிதாக ஒரு கோடு. சிங்கத்தை மிதிக்காமல், ஓரமாகச் சுற்றிக்கொண்டு போன மாதிரி வளைந்திருந்தது.

மண்டியில் வண்டு பார்க்கிற மாதிரி அதைக் குனிந்து பார்த்தேன். எனக்கே அது புதுசு.

முன்னறையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் மாமியார் கண்ணை மூடியது அங்கேதான். மாந்தம், வலிப்பு, மஞ்சள் காமாலை எது வந்தாலும் அவளிடம் ஒரே மருந்துதான் இருந்தது. கரண்டிக் காம்பை அடுப்பில் காய்ச்சி ஒரு இழுப்பு. சந்தில் பாதிக் குழந்தைகளுக்கு அவள் போட்டிருக்கிறாள். என் மகன் வயிற்றிலும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நான் தடுக்கப் போய்க் கீழே விழுந்தேன். மருமகள் கழுத்துக் கோட்டின் நீளமும் அதே அளவுதான். நான் சொல்லாவிட்டால் என்ன, சந்தில் ஞாபகம் உள்ளவர்கள் இருந்தார்கள்.

"உங்க மாமியார் கை மாதிரியே கீதே" என்று எதிர்வீட்டம்மா ஒரு நாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவங்க போனாங்க. இப்ப அந்தக் கை யாருகிட்ட இருக்கு?"

அதைத் தமாஷாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. தமாஷ் பண்ணுகிறவளுக்கு வரும் தண்டனை அது.

அதற்கடுத்த கோடுதான் என்னைக் கலக்கியது. அது வந்தது முழங்கை மடிப்பில். மேல்கையில் ஒன்று, அதற்கு நேர் எதிரே முன்கையில் அதே மாதிரி இன்னொன்று. ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்தது போல அச்சு அசலாக இருந்தன. கையை மடக்கச் சொன்னேன். இரண்டு கோடும் ஒரு வாயின் இரண்டு உதடு மாதிரி மூடிக்கொண்டன. அவள் சட்டென்று கையை நீட்டினாள். அந்த வாய் திறந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் கேள்வி கேட்டது. "வீட்டுல யாராவது ஏதாவது பண்றாங்களாம்மா? பயப்படாம சொல்லு." இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெகு நேரம் கழித்து, "தெரியல டாக்டர்" என்று கேட்டது.

அந்தத் "தெரியல" என் கூடவே வீட்டுக்கு வந்தது. அவள் சாப்பிடும்போது என் கையைப் பார்த்தாள். நான் கரண்டியை எடுத்தால் அவள் தோள் ஒடுங்கியது. அன்றைக்கு முதல்முறையாக முன்னறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். தாழ் விழுந்த சத்தம் பெரிய சத்தம் இல்லை. எனக்கு மட்டும் அது கன்னத்தில் விழுந்தது. ஒரு ஓரத்தில் நிம்மதியும் இருந்தது. தாழ் போட்ட அறையில் ஏதாவது வந்தால் அது நான் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா.

வந்தது. இந்த முறை கண்ணுக்குக் கீழே, கன்னத்தில். கண் பாதி மூடிக்கொண்டு வீங்கிவிட்டது.

அந்த விடிகாலையில்தான் என் கையை முகர்ந்து பார்த்தேன். தூக்கத்தில் எழுந்து நடக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தாழ் போட்ட கதவுக்குள் எப்படிப் போயிருப்பேன் என்று புத்தி கேட்டது. உன் மாமியாருக்குத் தாழ் ஒரு பொருட்டா என்று வேறு எதுவோ கேட்டது. கையில் சீயக்காய் வாசனைதான் வந்தது. ஆனாலும் இருந்த கரண்டிகளையெல்லாம் வாரி எடுத்து ஒரு கோணிப்பையில் கட்டி மண்டிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இரண்டு நாள் சாம்பாரை டம்ளரில் மொண்டு ஊற்றினோம்.

மகன் ஷிப்ட் முடிந்து வந்து பெண்டாட்டியின் கண்ணைப் பார்த்தான். அடுப்படி வாசலில் வந்து நின்றான். டிபன் கேரியரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ம்மா."

"இன்னாடா."

"நீ ஒண்ணும் பண்ணல இல்ல?"

"கரண்டிகூட வீட்ல இல்லடா" என்றேன். அது தப்பான பதில் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மருமகள் யாருக்கும் சொல்லாமல் முனையிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவள் அப்பாவுக்குப் போன் பண்ணியிருந்தாள். மறுநாள் சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு சம்பந்தி வந்து நின்றார். மாட்டுத் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்கிறவர். பேச்சு குறைவு, அந்த வீட்டுக்கே பேட்டரி கிடையாது. மகளின் முகவாயைப் பிடித்து லைட்டுக்கு நேரே திருப்பினார். கழுத்து, கை, கன்னம் எல்லாவற்றையும் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, தோல்ல சூடு பட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தினமும் பாக்கறேன்."

"இது நான் பண்ணதில்லைங்க."

"அப்ப யாரு பண்ணா? புள்ளை வேலைக்குப் போயிடறாரு. வூட்ல இருக்கறது நீங்க ரெண்டு பேரு. அவளே போட்டுக்கிட்டாளா?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கூட்டிக்கினு போறேன்" என்றார். "போலீசு, கேசுன்னு எதுவும் வேணாம். பொண்ணு உசுரோட இருந்தா போதும். நீங்களும் தேடி வரக்கூடாது."

அந்த மழையில் கிளம்ப முடியவில்லை. மகன் ஷிப்டுக்குப் போய்விட்டான். லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அப்பாவும் மகளும் முன்னறையில், லைட்டை எரியவிட்டுக்கொண்டு, தாழ் போட்டுக்கொண்டு படுத்தார்கள். போனவள் திரும்பி வரமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. என் மகன் வாழ்க்கை முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான் என்பதும் தெரிந்தது.

காலையில் எழுந்ததும் கை பழக்கத்துக்குத் துடைப்பத்தை எடுத்தது. முன்னறையில் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே ராத்திரி வந்த பூச்சிகள் குவியலாகக் கிடந்தன. பாதிக்கு உயிர் இருந்தது. எப்போதும் வாரி வெளியே கொட்டிவிடுவேன். அன்றைக்கு மனசு எங்கேயோ இருந்ததால் முறத்தில் வாரிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, மண்டியில் செய்கிற மாதிரி விரலால் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரிசு இந்தப் பக்கம், சின்னது அந்தப் பக்கம். புளியங்கொட்டை அளவில் பழுப்பு வண்டு. அதே அளவில் கறுப்பாக, எண்ணெய் தடவின மாதிரி பளபளப்பது தண்ணீரில் இருப்பது. மல்லாக்கப் போட்டால் டக்கென்று எம்பிக் குதிக்கிறது ஒன்று. சிவப்பு முதுகில் புள்ளி வைத்தது ஒன்று.

பின்னால் நிழல் விழுந்தது. மருமகள் புடவை மாற்றிக்கொண்டு, கிளம்பத் தயாராக நின்றாள்.

"அத்தை, அது எது?"

ஐந்து மாதத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் காட்டிய இடத்தில் மெல்லிசாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சும் கறுப்பும்.

"எறும்பு. வண்டு இல்ல. அதைத் தள்ளு."

"நேத்து அப்பா கழுத்துல ஒண்ணு ஏறுச்சு. ஊதி விட்டேன். லைட்டுகிட்ட பறந்து போச்சு."

"எறக்கை முளைச்ச எறும்பா இருக்கும்."

அவள் உட்கார்ந்தாள். நல்லாயிருந்த ஒரு கண்ணை முறத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "எறும்புக்கு இடுப்பு இருக்கும் அத்தை. நூல் மாதிரி. இதுக்கு இடுப்பே இல்ல."

பார்த்தேன். இல்லை. தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே தடிமனாக இருந்தது. நீளம், ஒரு பொன்னி அரிசி நீளம். தலை கறுப்பு, மார்பு ஆரஞ்சு. அதற்குக் கீழே கருநீலத்தில் பளபளவென்று ஒரு துண்டு. முதுகு முழுக்க மூடாமல் பாதியில் நின்றுபோய், ரவிக்கை போட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் வயிறு திரும்பவும் ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. ஈர்க்குச்சியால் தொட்டேன். தேள் மாதிரி வாலைத் தூக்கியது. தூக்கியபடியே என் பக்கம் திரும்பியது.

மண்டியில் இத்தனை வருஷம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாத ஒன்று. எறும்பு வேஷம் போட்டுக்கொண்டு என் முறத்திலேயே எத்தனை தடவை ஓடியிருக்கும், நான் எத்தனை தடவை ஊதித் தள்ளியிருப்பேன்.

"உன் மேல ஏறினா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"தூக்கத்துல தேய்ச்சு விட்டுடுவேன்."

"எப்படி?"

கழுத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். கை போன வழி அந்தக் கோட்டின் மேலேயே போனது. பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக முழங்கையை மடக்கினாள்.

சம்பந்தி வாசலுக்கு வந்திருந்தார். "பூச்சி கடிச்சா தடிப்பு வரும்மா. இழுத்த மாதிரி கோடு வராது. உங்க மேல பழி வரக்கூடாதுன்னு கதை கட்டாதீங்க."

"இந்தச் சந்துல இருக்கறவங்க யாருக்கு வந்துச்சு?" என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. அந்தம்மாவுக்குப் பல் விளக்க அன்றைக்குப் பார்த்து அந்த இடம்தான் கிடைத்தது.

நியாயமான கேள்விதான். ராத்திரி முழுக்க லைட் எரிகிற அறை சந்தில் அது ஒன்றுதான், அதுவும் மகன் இல்லாத வாரத்தில் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். யாரும் நம்பின மாதிரித் தெரியவில்லை. நானே பாதிதான் நம்பினேன்.

அந்த ஆரஞ்சுப் பூச்சியை இரண்டு விரலால் எடுத்தேன். இடது முன்கையில், வெள்ளையாக இருக்கும் உள்பக்கத்தில் வைத்து, கட்டை விரலால் நசுக்கி, மணிக்கட்டுப் பக்கமாக ஒரே இழுப்பாக இழுத்தேன்.

"நாளைக்குக் காலைல வண்டியில போங்க" என்றேன். "அதுக்குள்ள என் கையில கோடு வரலன்னா பொண்ணக் கூட்டிக்கினு போங்க. நான் தேடி வர மாட்டேன்."

சம்பந்தி பையைக் கீழே வைத்தார். "சரி. அதுவரைக்கும் அவ அடுப்படிப் பக்கம் வரமாட்டா" என்றார்.

மண்டிக்குப் போகவில்லை. முன்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒன்றும் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்திலும் ஒன்றும் இல்லை. எரிச்சல்கூட இல்லை. தொட்டால் என் தோல்தான், வயசான தோல், அதுபாட்டுக்குச் சும்மா இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்குச் சூடு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் அது பூச்சி இல்லை. பூச்சி இல்லையென்றால் அந்த அறையில் இருப்பது வேறு. அல்லது வேறு எதுவும் இல்லை, என் கைதான். மூன்றில் எது என்று சொல்ல வேண்டிய கை மடியில் கிடந்தது, வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் சன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சம்பந்தியும் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பையை எடுத்தார். அவர் கழுத்திலும் எதுவும் வரவில்லை. பூச்சிக்கும் ஆள் பார்த்துத்தான் தைரியம் வரும் போல.

மகன் ஷிப்ட் முடிந்து வருவதற்கு முன்னாலேயே கிளம்பியாயிற்று. கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் நானும் போனேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் பெஞ்சுக்கு ஒரு முனையில் அப்பாவும் மகளும், மறு முனையில் நான். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. வெயில் பட்டதால்தான் முன்கை எரிகிறது என்று முதலில் நினைத்தேன். முந்தானையை இழுத்து மூடினேன். மூடினால் அதிகமாக எரிந்தது. துணி பட்ட இடத்தில் யாரோ மிளகாயை அரைத்து அப்பின மாதிரி.

முந்தானையை விலக்கினேன்.

மணிக்கட்டிலிருந்து மேலே போகப் போகச் சிவந்துகொண்டு ஒரு கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிறம் ஏறுவது மாதிரி இருந்தது. வெளியிலிருந்து யாரும் வரையவில்லை, உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. வலி இருந்தது, சந்தோஷம் இருந்தது, அந்த இரண்டுக்கும் அடியில் ஒரு குளிர் இருந்தது. நம் தோலில் நமக்கே தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஒன்று காத்துக்கொண்டிருக்க முடியும் என்றால், வேறு என்னவெல்லாம் காத்துக்கொண்டிருக்கும்.

எழுந்து போய் மருமகள் மடியில் என் கையை வைத்தேன். அவள் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், என் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"கோணலா போட்டிருக்கீங்க அத்தை" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தமாஷ்தான். நிஜமாகவே தமாஷ்தான் பண்ணினாள்.

சம்பந்தி என் கையை எடுத்துத் தோல் பார்க்கிற ஆள் பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டி வந்து நின்றது. பையை மகளின் காலடியில் வைத்துவிட்டு அவர் மட்டும் ஏறினார். சன்னலோரம் உட்கார்ந்து, "மருந்து போடுங்க சம்பந்தியம்மா" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பேச்சு.

ஸ்டேஷனிலிருந்து நேரே கிளினிக். முறத்தில் கிடைத்த அந்தப் பூச்சி இன்னும் இரண்டை ஒரு தீப்பெட்டியில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருந்ததை டாக்டரம்மாவிடம் கொடுத்தோம். சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வண்டு இனம்தான் என்றாள். கடிக்காது, கொட்டாது, நசுக்கினால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் தோலை எரிக்கும், மடிப்பில் பட்டால் இரண்டு பக்கமும் அச்சாக விழும், ஒரு நாள் கழித்துத்தான் தெரியும், மழைக்காலத்தில் புல்லிலிருந்து லைட்டுக்கு வரும் என்றாள். அப்புறம் என்னிடம், "அன்னைக்கு வெளிய உக்காரச் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அப்படிக் கேட்டே ஆகணும், நிறைய வீட்டுல நிஜமாவே நடக்குது" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கேட்காமல் விடுகிற டாக்டரிடம்தான் பயம்.

அன்றைக்குச் சாயங்காலம் மகன் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மருமகள் முன்னறையில் ஸ்விட்சுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். போட்டால் பூச்சி. போடாவிட்டால் இருட்டு.

"அத்தை, நீங்களும் இங்கயே படுத்துக்குங்க."

பாயை எடுத்துக்கொண்டு வந்தேன். "இருட்டுல பக்கத்துல படுத்திருக்கறது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க பேசிக்கிட்டே இருங்க."

லைட்டைப் போடவில்லை. சன்னலை மூடியும் எங்கோ ஒரு இடுக்கு வழியாகப் பூச்சிகள் வந்தன. அறை கறுத்துக்கொண்டே வர, தரையில் டொக்கென்று ஒன்று விழுந்தது. அவள் என் முந்தானையைப் பிடித்தாள்.

"அது எது?"

"பழுப்பு வண்டு. புளியங்கொட்டை."

டக்.

"இது?"

"அந்தக் குதிக்கிற பையன்."

சுவரோரம் சின்னதாக ஒன்று.

"உளுந்து அளவு. ஒண்ணும் பண்ணாது."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அறையின் அந்தக் கோடியில், மாமியார் கட்டில் போட்டிருந்த மூலையில், மெதுவாக எதையோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அரிசி அளவும் இல்லை, உளுந்து அளவும் இல்லை.

"அது எது அத்தை?"

"அதுவா" என்றேன். "அதுவும் பழுப்பு வண்டுதான்." சொல்லிவிட்டு, சத்தத்துக்கு இடம் விடாமல் மண்டிக் கதை ஒன்றை ஆரம்பித்தேன்.